வெயிலடித்த நாளில் இறங்கிய சரிவு: ஏற்காட்டு மலை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு வந்த போனில், வணக்கம்கூடச் சொல்லாமல் வந்த முதல் பேச்சு இதுதான்: “தம்பி, காப்பிப் பழம் பறிக்கப் போன பொண்ணுக்கு முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள்ள போயிருச்சுங்க.”

பேசியவர் ஏற்காட்டு மலையில் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். அந்தத் தோட்டத்தின் அடிவாரத்தில் மலையை வெட்டி வீடு கட்டியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் 60 அடி நீளம், 10 அடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர். 2018இல் அதைக் கட்டிக் கொடுத்தது நான்தான். சேலத்தில் இருந்துகொண்டு மலையிலும் அடிவாரத்திலும் வீடு, சுவர், தொட்டி என்று கட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே இது மூன்றாம் மனிதர் எழுதும் ஆய்வு அல்ல. சுவர் கட்டியவனே அதைப் பற்றி எழுதுகிறான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மழை எவ்வளவு?

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் ஓடிப்போகவில்லை, நின்று நிதானமாகக் கொட்டியது. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின் மேல் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். அடுத்த நாள் காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவானது. அதே மழைதான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையையும் நனைத்தது. சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் ஆங்காங்கே மண் சரிந்து பாதை அடைபட்டது.

ஆனால் இந்த வீட்டின் மேல் விழுந்தது எவ்வளவு? அரசாங்க மழைமானி இருக்கும் இடம் வேறு, இந்தச் சரிவு வேறு. மலையில் ஒரு மடிப்பு தாண்டினால் மழையும் மாறிவிடும். நல்லவேளை, வாசலில் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் ஒன்று வெறுமனே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கவிழ்த்துவிட்டு வைத்தது வீட்டுக்கார அண்ணனுக்கு நினைவிருந்தது. திங்கள் மாலை மழை விட்டபோது அதில் 21 செ.மீ. தண்ணீர் நின்றதாம். டேப் வைத்து அளந்திருக்கிறார், மனுஷன் விவரமானவர். பெயின்ட் பக்கெட் வாய் அகன்று அடி குறுகியிருக்கும், அதனால் பக்கெட்டில் நிற்கும் உயரம் உண்மையான மழையைவிடக் கூடுதலாகவே காட்டும். வாய் 30 செ.மீ., தண்ணீர் நின்ற பகுதியின் சராசரி விட்டம் 27 செ.மீ. சொச்சம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 17 செ.மீ. மழை.

அந்தச் சுவரை நோக்கிச் சரியும் தோட்டம் 40 சென்ட். ஒரு சென்ட் நாற்பது சதுர மீட்டர் சொச்சம். 17 செ.மீ. மழை என்றால் இரண்டே முக்கால் லட்சம் லிட்டர். நம் ஊரில் வீட்டுக்கு வருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் 23 லாரித் தண்ணீர். இரண்டு நாளில் ஒரு வீட்டின் முதுகில் இறங்கியது. அதில் ஒரு பங்கு மேலோடு ஓடிப்போயிருக்கும், மீதி உள்ளே. எத்தனை லாரி உள்ளே போனது என்பதைச் சரிவுதான் சொல்ல வேண்டும்.

போனிலேயே செய்த ஆய்வு

அன்று என்னால் மேலே போக முடியவில்லை. போனிலேயே கேள்வி கேட்டேன். கால் போன இடம் சுவரிலிருந்து எவ்வளவு மேலே? “இருபது இருபத்தஞ்சு அடி இருக்கும்.” குழியா, நீளமான வெடிப்பா? பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “நீளமாப் போகுதுங்க, வளைஞ்சு, பொறை மாதிரி.” பிறை என்று அவர் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேல்நோக்கி வளைந்த பிறை வடிவ வெடிப்பு, மண் காய்ந்து விடும் வெடிப்பு அல்ல. ஒரு தொகுதி மண் மலையிலிருந்து பிரிந்து நிற்கிறது என்று பொருள். கீழ்ப்பக்கம் மேல்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா? “ஒரு ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு.”

அப்புறம் கடைசிக் கேள்வி. சுவரில் தண்ணீர் வருகிறதா?

“ஒரு சொட்டு இல்லீங்க தம்பி. செவுரு காஞ்சு கெடக்கு. நீங்க கட்டுனது கல்லுக்கோட்டையாட்டம் நிக்குது.”

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

17 செ.மீ. மழைக்குப் பிறகு மலைக்குத் தோள் கொடுத்து நிற்கும் சுவர் காய்ந்திருந்தால், தண்ணீர் வரவில்லை என்று அர்த்தமல்ல, வந்த தண்ணீர் பின்னால் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்தச் சுவரில் 14 இடத்தில் வீப் ஹோல் குழாய் வைத்தேன், பின்பக்கத் தண்ணீர் வெளியேறுவதற்காக. கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது சுவர் முழுக்கப் பூசி, வெளிர்ப்பச்சை பெயின்ட் அடித்து, பளபளவென்று இருந்தது. குழாய் ஒன்றும் தெரியவில்லை. “துரு மாதிரி தண்ணி வடிஞ்சு செவுரு அசிங்கமாப் போகுதுன்னு கொத்தனார்கிட்டச் சொல்லி அடைச்சுட்டோம்” என்றார்கள். இலையில் வடை விழுந்துகொண்டிருந்தது. நல்ல நாளில் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். ஆறு வருடம் பெரிதாக ஒன்றும் ஆகாததால் நானும் மறந்தே போனேன்.

போனில் நான் சொன்னது மூன்று: மேலே யாரும் பழம் பறிக்கப் போக வேண்டாம், வெடிப்பில் மண்ணைத் தள்ளி மிதித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், சமையலறையிலும் பின்அறையிலும் இன்று படுக்க வேண்டாம். சொல்லாமல் விட்டது ஒன்று: வீட்டையே காலி செய்யுங்கள் என்று. பிறை வடிவ வெடிப்பு, தாழ்ந்த கீழ்ப்பக்கம், காய்ந்த சுவர், இந்த மூன்றும் கையில் இருந்தும் சொல்லவில்லை. வேறு ஒருவர் கட்டிய சுவராக இருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

டிசம்பர் 4

தெரிந்த பையனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நல்ல வெயில். களத்தில் பழத்தைப் பரப்பியிருந்தார்கள். “மழ நின்னு ரெண்டு நாளாச்சு, இனி என்ன தம்பி ஆகப்போகுது?” என்று அண்ணன் கேட்டார். மழையில் பாதிப் பழம் உதிர்ந்துவிட்டது, மீதியையாவது பறிக்க வேண்டும் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலைதான், வருஷத்துக்கு ஒருமுறை வரும் காசு.

அவருக்குப் பதில் சொன்னது நான் அல்ல, அவருடைய மச்சினர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சியாச்சின் பக்கம் பனியில் கிடந்தவர். “மாமா, எங்களுக்கு அங்க மழைக்குப் பதிலாப் பனி. புயல் அடிக்கறப்ப எல்லாரும் உள்ள இருப்போம். மறுநாள் வெயிலடிக்கும் பாருங்க, அப்பத்தான் அதிகாரி வெளிய விடமாட்டார்” என்றார். அவர் சொன்ன விவரம் சுவாரசியமானது. புதிதாக விழுந்த பனி ஒரு பாளமாக, பழைய பனிக்கு மேல் உட்கார்ந்திருக்குமாம். நடுவில் சர்க்கரை மாதிரி உதிரியான அடுக்கு ஒன்று இருந்துவிட்டால், பாளம் அப்படியே வழுக்கி இறங்கும். அதைக் கண்டுபிடிக்கக் குழி தோண்டுவார்கள், 30 செ.மீ.க்கு 30 செ.மீ. தூண் ஒன்றை அறுத்து நிறுத்துவார்கள், அதன் தலையில் மண்வெட்டித் தகட்டை வைத்து முதலில் மணிக்கட்டை அசைத்து பத்துத் தட்டு, அப்புறம் முழங்கையிலிருந்து பத்து, அப்புறம் தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் தூண் நழுவுகிறது என்பதுதான் கணக்கு. சரிவு 30 பாகையிலிருந்து 45 பாகைக்குள் இருந்தால் கூடுதல் பயம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் சோனம் முகாம் பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆம் பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் போனது நினைவிருக்கும். அவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்துபோய் டீ எடுத்துவந்தார்.

பனிக்கும் நம் செம்மண்ணுக்கும் ஒப்புமையை ரொம்ப இழுக்கக் கூடாது. பனிப் பாளத்தை ஒரு ஆளின் எடையே கிளப்பிவிடும். நம் மண்ணை ஆள் எடை ஒன்றும் செய்யாது, தண்ணீர்தான் செய்யும். ஆனால் மூன்று கேள்வி இரண்டுக்கும் பொது: சரிவு எத்தனை பாகை, வழுக்கும் அடுக்கு எங்கே, புதிதாக ஏறிய பாரம் எவ்வளவு. ‘மலை அப்படியே வழுக்கி இறங்குவது’ நமக்குப் புதிதும் அல்ல. நீலகிரியில் அவலாஞ்சி (ஆங்கிலத்தில் ‘அவலாஞ்ச்’ என்றால் பனிச்சரிவு) என்ற ஊர்ப் பெயரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பெரிய நிலச்சரிவால் வந்ததுதான். 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் மலை சரிந்தது, 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டி நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது, இதெல்லாம் கொங்குப் பக்கம் மலை வேலை செய்கிற எவரும் மறக்கக் கூடாதவை.

சரி, சரிவுக்கு வருவோம். மச்சினர் சொன்னபடி ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் மேலே, மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். ரசமட்டக் குழாயும் டேப்பும் வைத்து அளந்தேன். கிடையாகப் பத்தடிக்கு ஆறடி ஏற்றம், அதாவது 31 பாகை. வெடிப்பு சுவரிலிருந்து 22 அடி மேலே, 35 அடி நீளம், நாலு செ.மீ. அகலம். வெடிப்புக்குக் கீழே நின்ற மூன்று சில்வர் ஓக் மரங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தன. பல வருடமாக மெல்ல நகரும் மண்ணில் வளர்ந்த மரம் அடியில் வளைந்து, மேலே நிமிர்ந்து இருக்கும். இவை அப்படியல்ல, கழி போல நேராக, மொத்தமாகச் சாய்ந்திருந்தன. சாய்ந்தது இந்த வாரம்.

வெடிப்பின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, இரண்டு முளை அடித்தோம். தலையில் ஆணி. ஆணிக்கு ஆணி தூரம் எடுத்தேன். காகிதத்தில் எழுதியது அப்படியே:

11.00 மணி: 612 மி.மீ.
12.30: 614
2.00: 619
3.30: 628

இந்த ஆய்வில் மிக முக்கியமான நான்கு எண்கள் இவைதான். மழை நின்று இரண்டு நாள் ஆகிறது, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, வெடிப்போ ஒன்றரை மணி நேரத்துக்கு 2, பிறகு 5, பிறகு 9 மில்லிமீட்டர் என்று விரிகிறது. விரிவது பெரிய விஷயமில்லை. நனைந்த மண் கொஞ்சம் நகர்ந்துவிட்டு நின்றுவிடுவதும் உண்டு. விரியும் வேகம் கூடிக்கொண்டே போவதுதான் ஆபத்து. அப்படிப் போகும் சரிவு தானாக நிற்பது அரிது.

நடுவில் ஒரு தவறும் செய்தேன். மதியம் பன்னிரண்டரை அளவு எடுத்த பிறகு கீழே வந்து, சுவரின் ஓரத்தில் பூச்சைக் கடப்பாரையால் உடைத்து, அடைத்திருந்த இரண்டு குழாய்களைத் திறந்தேன். முதல் குழாயில் சிமென்ட் அடைப்பு உடைந்ததும் தண்ணீர் மூன்றடி தூரம் பீய்ச்சியது. காப்பி டிகாக்ஷன் நிறம். அரை மணி கழித்தும் தெளியவில்லை. கலங்கலாக வரும் தண்ணீர் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். தண்ணீரைத் திறந்துவிட்டது சரியா என்றால், சுவரின் கோணத்தில் சரி. ஆனால் நகர்ந்துகொண்டிருக்கும் மலைக்கு நேர் கீழே, அதைத் தாங்கும் சுவரைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டு நான் நின்றிருக்கக் கூடாது. இரண்டு குழாய் திறந்து என்ன ஆகப்போகிறது? அந்த வேலை கோடையில், நகராத மலையின் கீழ் செய்ய வேண்டியது. என் மனச்சாட்சிதான் கடப்பாரையைத் தூக்கியது.

மூன்றரை மணி அளவைக் காட்டியதும் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. ஆத்தாதான் நகர மறுத்தார். “எங்கப்பன் காலத்துல இருந்து இந்த மல எனக்கு ஒண்ணும் பண்ணல.” மச்சினர் போய், “ஆத்தா, எங்க வீட்டுல இன்னிக்குக் களியும் கீரையும், வந்து ஆக்கிக் குடுங்க” என்று வேறு வழியில் கூப்பிட்டார். அதற்கு எழுந்தார். நாலரை மணிக்கெல்லாம் எல்லோரும் மேட்டில் இருந்த மச்சினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மாடும் கூட. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லிவிட்டு, பனிமூட்டம் இறங்குமுன் நான் கிளம்பினேன்.

இரவு இரண்டு மணி வாக்கில் லாரியில் ஜல்லி கொட்டுவது மாதிரி சத்தம் கேட்டதாம். விடிந்து பார்த்தால் சுவரின் நடுப்பகுதியில் 25 அடி நீளம் வெளியே தள்ளி விழுந்திருந்தது. சமையலறைச் சுவர் உடைந்து, உள்ளே ஜன்னல் மட்டத்துக்குச் சேறு. ஒரு சில்வர் ஓக் வேரோடு வந்து அடுப்பு மேடையில் படுத்திருந்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. கோழிக்கூடு போனது. ஆத்தா கோழியைவிட ஆட்டுக்கல் புதைந்ததற்குத்தான் அதிகம் திட்டினார்.

ஏன் சரிந்தது?

பத்து நாள் கழித்து, காய்ந்த பிறகு, சரிந்த விளிம்பில் மண் அடுக்கைச் செதுக்கிப் பார்த்தோம். மேலே ஒன்றரை அடி கருமண், காப்பி வேர் பின்னிக் கிடந்தது. அதன் கீழே நாலடி செம்மண். அதற்கும் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த மஞ்சள் களிமண், நனைத்துத் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்கியது. அடுத்தது உளுத்த சார்னக்கைட் பாறை, சேர்வராயன் மலையின் எலும்பு அதுதான். களிமண்ணின் முகத்தில் சரிவின் திசையில் கீறல் கீறலாக, மெழுகிய மாதிரி பளபளப்பு. வழுக்கிய அடுக்கு அதுவே. சில்வர் ஓக் வேர்கள் அந்தக் களிமண்ணைத் தொட்டுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. மரம் இருந்தால் மண் நகராது என்பது அந்த வேர் பாறைக்குள் இறங்கினால்தான் உண்மை.

மண்ணைப் பாறைமேல் அழுத்திப் பிடித்திருப்பது அதன் சொந்த எடை. நடுவில் தேங்கும் தண்ணீரின் அழுத்தம் கூடக் கூட அது மேல் மண்ணைத் தூக்கிப் பிடிக்கும், பிடிப்பு தளரும். சுவர்ப் பக்கமோ இன்னும் மோசம். மூன்று மீட்டர் உயரத்துக்குப் பின்னால் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நாலரை டன் தள்ளுவிசை. இது மண்ணின் தள்ளுவிசைக்கு மேல் கூடுதலாக. தண்ணீர் வெளியேறிவிடும் என்ற கணக்கில் கட்டிய சுவருக்கு அந்த நாலரை டன் தெரியாது.

மழை திங்கள் மாலை நின்றது, சரிவு வியாழன் விடிகாலையில். நடுவில் இரண்டரை நாள் எதற்காகக் காத்திருந்தது? விடை தோட்டத்தில் இருந்தது. மூன்று வருடம் முன்பு, கோடையில் செடி வாடாமல் இருக்க, வரிசைக்கு வரிசை குறுக்கே குழி வெட்டியிருந்தார் அண்ணன். மழைநீரை நிறுத்தி மெதுவாக மண்ணுக்குள் இறக்கும் குழிகள். காப்பித் தோட்டத்துக்கு அது நல்ல முறை, நானும் குறை சொல்ல மாட்டேன். ஏப்ரலில் செடியைக் காப்பாற்றுகிற அதே குழி, டிசம்பரில் நிரம்பி நின்று, மழை விட்ட பிறகும் களிமண் அடுக்குக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டே இருந்தது. மேலே மூடப்பட்ட வெடிப்பு, கீழே அடைபட்ட குழாய், நடுவில் நிதானமாக இறங்கும் தண்ணீர். வெயில் அடித்தது மேல்தோலுக்கு மட்டும்தான்.

நீலகிரிக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2020 முதல் சோதனை முறையில் நிலச்சரிவு முன்னறிவிப்பு வெளியிட்டு வந்தது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையமும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அது ஒரு வட்டாரத்துக்குச் சொல்லும். சமையலறைக்குப் பின்னால் உள்ள 40 சென்ட்டுக்கு ஆணி அடித்த இரண்டு முளைதான் சொல்ல முடியும்.

திரும்பக் கட்டியது

கூலி வாங்கவில்லை, பொருள் செலவு மட்டும் அவர்களுடையது. அவர்கள் கேட்டும் பழைய இடத்தில் சமையலறை கட்டச் சம்மதிக்கவில்லை. அந்த இடம் இப்போது வெறும் கல் பாவிய முற்றம், சமையலறை வீட்டின் முன்பக்கம் போய்விட்டது. சுவரை எட்டடியாகக் குறைத்து, மேலே ஒரு படி விட்டோம். பின்னால் முழு உயரத்துக்கும் ஒன்றரை அடி கனத்தில் ஜல்லி. நாலு இஞ்ச் குழாய் இரண்டு வரிசை, ஐந்தடிக்கு ஒன்று, மொத்தம் 24. சுவருக்கு மேலே உள்ள ஐம்பதடிக்குக் குழிகளை மூடி, அதற்கும் மேலே குறுக்காக வாய்க்கால் வெட்டி ஓடைப் பக்கம் திருப்பியாயிற்று. அதற்கு மேல் உள்ள குழிகள் அப்படியே இருக்கின்றன, கோடையும் வரத்தானே செய்யும். பூச்சும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. அண்ணனின் மகளுக்கு அந்தச் சுவர் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பெயின்ட் பக்கெட்டுக்குப் பதில் நேரான பக்கம் கொண்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றை மொட்டை மாடியில் வைத்திருக்கிறார் அண்ணன். மழை நாளில் காலை எட்டரைக்கு அளந்து வாட்ஸப்பில் அனுப்புவார். போன ஐப்பசியில் ஒரு நாள் “64 மில்லி” என்று வந்தது. கூடவே பதினெட்டு விநாடி வீடியோ: சுவரில் வரிசையாக எல்லாக் குழாயிலும் தண்ணீர் வடிகிறது, பின்னணியில் ஆத்தா, “செவுரெல்லாம் கறையாப் போச்சு” என்று யாரையோ திட்டுகிறார்.